கால் ஊன்றாத வளைவு

மன்னார்குடி
12.1.2025

மதி அக்காவுக்கு ஆல்பின் எழுதுவது.

பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதினால் அம்மா கைக்குப் போகும். அவர்கள் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அப்புறம் அதற்கும் சேர்த்து என் மேல் கோபப்படுவீர்கள். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்தது தெரியும். வேறு நம்பரிலிருந்து கூப்பிடலாம்தான். ஆனால் சுவரேறிக் குதித்து வீட்டுக்குள் வருகிற மாதிரி இருந்தது. அதனால்தான் கடிதம். தமிழ் இரண்டாம் தாளில் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். தப்பு இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளவும்.

பேங்கில் கேட்டு இந்தப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டேன். தமிழ்ச்செல்வன் இல்லாத ஆரணியில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே எல்லாம் தட்டையான பூமி. எந்தப் பக்கம் பார்த்தாலும் வயல், வாய்க்கால், மதகு. வடவாற்றின் கரையிலேயே சாலை போகிறது. மலை என்று சொல்ல ஒரு மேடுகூடக் கிடையாது. அதற்காகவே இந்த ஊரைக் கேட்டேன்.

சைக்கிளை விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. ஆற்றங்கரையில் தனியாக ஓட்டுகிறேன். எதிர்க்காற்று பலமாக அடிக்கிறது. உங்கள் தம்பியும் நானும் தேவிகாபுரம் ரோட்டில் போகும்போது ஒருத்தன் முன்னால் போய்க் காற்றைத் தாங்கிக்கொள்வான், மற்றவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இளைப்பாறுவான். கொஞ்ச தூரம் போனதும் இடம் மாறிக்கொள்வோம். முன்னால் போகிறவன் பள்ளத்தைப் பார்த்தால் கையைத் தாழ்த்திப் பின்னால் வருகிறவனுக்குக் காட்ட வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை அக்கா. பள்ளம் வந்தால் கை தானாகப் போய்க் காட்டுகிறது. பின்னால் யாருமில்லை.

எழுத வந்தது வேறு. அன்றைக்கு இடுகாட்டு வாசலில் என்னைப் பார்த்து, "நீ உள்ள வராத" என்று சொன்னீர்கள். நான் ரோட்டிலேயே நின்றுகொண்டேன். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்திலும் அதே வழக்கம்தான், மண் போடாமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். நான் போடவில்லை. அது என் கையிலேயே இருக்கிற மாதிரி இருக்கிறது. ஒருநாள் வந்து போட்டுவிட்டுப் போக அனுமதி கேட்கிறேன். வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வேண்டாமென்றால் சொல்ல வேண்டாம்.

ஆல்பின்


ஆரணி
2.2.2025

ஆல்பினுக்கு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் எதிரிலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்தக் காலத்தில் கடிதமெல்லாம் யார் எழுதுகிறார்கள் டீச்சர் என்று கேட்டார்கள். தம்பியின் சிநேகிதன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்சூரன்ஸ் விஷயம் என்று சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தில் வாய்க்கால் இருக்கிறது, மதகு இருக்கிறது, எதிர்க்காற்று இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. போளூர் ஆஸ்பத்திரியில் கேட்டேன், இடுகாட்டு வாசலில் கேட்டேன். இப்போது எழுத்தில் கேட்கிறேன், தப்பில்லாமல் பதில் எழுது.

நீயும் அவனும் சேர்ந்து சைக்கிளில் மலை ஏறினீர்கள். நீ மேலே போய்ச் சேர்ந்துவிட்டாய், அவன் வரவில்லை. நீ ஏன் இறங்கி வந்து பார்க்கவில்லை?

அந்த டாக்டரிடம் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். பிழைத்திருக்க மாட்டான் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். முப்பது வயதுப் பிள்ளைக்கு நெஞ்சு நின்றுபோகிறது, நீ மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நான் தினமும் ஒன்பதாம் வகுப்புக்கு இரத்த ஓட்டம் நடத்துகிறேன்.

மண்ணைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மதிவதனி


மன்னார்குடி
9.3.2025

மதி அக்காவுக்கு,

ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். மணல் தெரிகிறது. இதை எழுதக் கூடாது, பதிலை மட்டும் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விதி இருந்தது. தட்டை ரோட்டில் ஒருத்தனை ஒருத்தன் விடக் கூடாது. மலையில் அப்படி இல்லை, அவரவர் மூச்சுக்கு அவரவர் ஏறிக்கொள்ள வேண்டும். முதலில் மேலே போனவன் மைல்கல் பக்கத்தில் காத்திருக்க வேண்டும். பின்னால் வருகிறவன் வந்து சேரும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது. கீழே இறங்கிப் போய்ப் பார்க்கவும் கூடாது.

கடைசியில் சொன்னதை விதியாக்கியது நான் இல்லை, தமிழ்தான். முதல் வருடம் அவன் வரத் தாமதமானதும் நான் பாதி வழி இறங்கிப்போய், "இன்னாடா, தள்ளிகினு வரியா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவன் முகம் செத்துப்போயிற்று. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஆரணிக்குப் போனவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவனே வந்தான். "நான் ஏறறதுக்கு எவ்ளோ நேரம் வேணா ஆவட்டும். நீ எறங்கி வந்தீன்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தம். எறங்காத" என்றான். நான் சரி என்றேன். அதற்குப் பிறகு ஒருநாளும் இறங்கவில்லை.

அவன் தாமதமாக வருவது எனக்குப் பழக்கம் அக்கா. மலையில் பாதிக்கு மேல் ஒரு பெரிய வளைவு இருக்கிறது. அங்கே காத்தாயி அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். சீசனில் சீத்தாப்பழமும் விற்பார். தமிழுக்கு அந்த வளைவில் கால் ஊன்றாமல் ஏற வராது. ஊன்றி, உட்கார்ந்து, பழம் தின்று, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் வருவான். "ஊன்றுகோல்" என்று அவனுக்குப் பெயரே வைத்திருந்தேன். அன்றைக்கும் அவன் அங்கே பழம் தின்றுகொண்டிருக்கிறான் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் எப்படிக் கிண்டல் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போளூர் பஸ் ஏறி வந்தது. டிரைவர் நிறுத்தி, "கீழ சைக்கிள்ல வந்த புள்ள ஒண்ணு விழுந்து கெடந்துது, வேன்ல ஏத்தி அனுப்பினோம், உன்கூட வந்ததா?" என்று கேட்டார். நான் இறங்கினேன். காத்தாயி கடைக்கு இரண்டு வளைவு மேலே அவன் சைக்கிளை யாரோ தடுப்புச்சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

இவ்வளவுதான் பதில். என் பாட்டிலில் அன்றைக்குப் பிடித்த தண்ணீர் அப்படியே இருக்கிறது. மூடியைத் திறக்கவில்லை.

ஆல்பின்


ஆரணி
20.4.2025

ஆல்பினுக்கு,

இவ்வளவு நாள் நீ கல்நெஞ்சக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பொய்யும் சொல்கிறாய்.

என் தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து என்ன சொல்வான் தெரியுமா? நடுவாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே சொல்வான்: "அந்த ஆல்பினோட பெரிய பேஜாராப் போச்சுக்கா. பாதி மலையில காலு ஊனிடறான். பழம் துன்னுகினு உக்காந்துடறான். நான் மேல போயி அவனுக்காகக் காத்துகினு கெடக்கறேன்." அம்மா சிரிப்பாள். பாவம், விட்டுவிட்டு வராதே, கூட்டிக்கொண்டு வா என்பாள். ஒருநாள்கூட நிற்காமல் ஏறினவன் அவன். அவன் ஜெயித்துவிட்டு வருகிறான் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் கறி எடுத்திருக்கிறேன்.

தாலுகா ஆபீஸில் சர்வேயர். வெயிலில் நிலம் அளக்கிற சங்கிலி பிடித்து நாளெல்லாம் நடக்கிறவன். அவனா வளைவுக்கு வளைவு உட்காருவான்? செத்துப்போனவன் வந்து மறுக்க மாட்டான் என்கிற தைரியத்தில் எழுதுகிறாய். ஊன்றுகோல் என்று பெயர் வேறு.

அம்மா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளைத் துடைத்து வைக்கிறாள். "அந்த இன்னொரு புள்ள இன்னா ஆச்சு, கண்ணுலயே காணோம்" என்று கேட்டாள். ஊரைவிட்டுப் போய்விட்டான் என்றேன். "அதுவும் போயிடுச்சா" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

நீ வர வேண்டாம்.

மதிவதனி


மன்னார்குடி
22.6.2025

மதி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேங்கில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்தார். அதற்குள் அழுதுகொண்டிருந்தேன். லீவு சொல்லிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது அதனால்தான். என்ன எழுதினாலும் சரியாக வரவில்லை.

இப்போது எழுதுகிறேன். அவன் சொன்னதுதான் சரி. காலை ஊன்றியது நான்தான். பழம் தின்றது நான்தான். என் பெயர்தான் ஊன்றுகோல். போன கடிதத்தில் மாற்றி எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள். தமிழ் ஒருநாளும் நிற்கவில்லை.

மேட்டூர் திறந்து இங்கேயும் தண்ணீர் வந்துவிட்டது. முதல் தண்ணீர் வரும்போது ஜனங்கள் கரையில் நின்று நெல்லும் பூவும் போடுகிறார்கள். நானும் நின்றேன். என்னிடம் போட எதுவும் இல்லை.

ஆல்பின்


ஆரணி
6.7.2025

ஆல்பினுக்கு,

என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாததற்கு இதைவிட நன்றாகப் பொய் சொல்லும். நீதான் பின்னால் நின்றாய் என்றால், மேலே உட்கார்ந்திருந்தது யார்? பஸ் டிரைவர் மைல்கல் பக்கத்தில் யாரிடம் பேசினார்?

இரண்டு கடிதத்தில் ஒன்று பொய். எது என்று நீ சொல்ல வேண்டாம், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

மதிவதனி


மன்னார்குடி
24.8.2025

அக்கா,

போகாதீர்கள். அந்த இடத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. ரோடுதான் இருக்கிறது.

போவதாகவே இருந்தால் அம்மாவை அழைத்துப் போகாதீர்கள்.

ஆல்பின்


ஆரணி
28.9.2025

தம்பி ஆல்பினுக்கு,

போய்விட்டு வந்தேன். தனியாகத்தான் போனேன். போளூரில் மலை பஸ் ஏறி, டீக்கடை வளைவில் இறக்கிவிடச் சொன்னேன். கண்டக்டர் அங்கே ஊரே இல்லையே என்றார்.

காத்தாயியிடம் போனில் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ யார் என்று கேட்டாள். அக்கா என்றேன். பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்துவிட்டு அவளும் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

உன் மார்ச் மாதக் கடிதம்தான் நிஜம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் அந்தப் பெஞ்சில்தான் உட்காருவானாம். "மொதல்ல ஒரு புள்ள வரும். நிக்காதும்மா அது. 'எம் பின்னாடி ஒருத்தன் வரான், நல்ல பழமா ரெண்டு எடுத்து வையி'ன்னு சொல்லிகினே போயிடும். அப்பால இந்தப் புள்ள வரும்" என்றாள். நீ பழம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனதை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

அன்றைக்கும் எடுத்து வைத்திருக்கிறாள். மேற்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் வார்த்தை கலக்கவில்லை. "அன்னிக்கு அது நிக்கல. மொகமெல்லாம் வேர்த்து ஊத்துது, வாய் கொள்ளாத சிரிப்பு. நான் பழத்தைத் தூக்கிக் காட்டறேன். 'இன்னிக்கு நிக்கமாட்டேன்க்கா, இன்னிக்கு நிக்கமாட்டேன்'னு கத்திகினே வளைவைத் தாண்டிப் போயிடுச்சு."

அவன் அன்று கால் ஊன்றவில்லை, ஆல்பின்.

அவன் பழம் தின்றுகொண்டிருக்கிறான் என்று நீ மேலே உட்கார்ந்திருந்தாய். அவனோ உன்னைப் பிடிக்க வந்துகொண்டிருந்தான். நின்று மூச்சு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காத்தாயியும் கேட்டாள், நானும் கேட்டுக்கொள்கிறேன். அந்த டாக்டரைப் போய்க் கேட்டால் மறுபடியும் சொல்ல முடியாது என்றுதான் சொல்வார். நின்றிருந்தால் மயங்கி விழும்போது பக்கத்தில் ஆளாவது இருந்திருக்கும். ஒரு வருடமாக உன் மேல் வைத்திருந்த கோபத்தை எடுத்து முதல்முறையாக அவன் மேல் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அது நிற்கவில்லை.

ஏனென்றால் அவன் விழுந்ததற்கு முந்தின நாள் இரவு சாப்பிடும்போது நான் ஒன்று சொன்னேன். "நாளைக்கு முடியாது, அடுத்த ஞாயித்துக்கிழம எனக்கு ஸ்கூல் வேலை எதுவும் இல்ல. நானும் பஸ்ல வந்து மேல நின்னு பாக்கறேன், நீ எப்படி ஏறி வரேன்னு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "வாயேன்" என்றான். நான் சோற்றைப் போட்டேன்.

என்னிடம் அத்தனை நாளாகச் சொன்ன பொய்யை நான் வந்து பார்ப்பதற்குள் நிஜமாக்க அவனுக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

காத்தாயி தடுப்புச்சுவர்வரை கூடவே நடந்து வந்தாள். அங்கே நீ சொன்னது போல ரோடுதான் இருக்கிறது. பிறகு நான் அடுத்த பஸ்ஸில் மேலே போய், நீ சொன்ன மைல்கல்லைத் தேடி உட்கார்ந்தேன். திரும்புகிற பஸ் வர நெடுநேரம் ஆனது. அங்கிருந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லையே. கொஞ்சதூரம் ரோடு, அப்புறம் மரம். கீழே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. யாராவது வருவார்கள் என்று நானும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப்போய்ப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

அம்மாவிடம் முழுதும் சொல்லவில்லை. அன்றைக்கு அவன் நிற்காமல் ஏறினான் என்று மட்டும் சொன்னேன். "அது எப்பவும் அப்படித்தானே ஏறும்" என்றாள். ஆமாம் என்றேன். இதை அப்படியே விட்டுவிடலாம். நீ எழுதிய அந்த ஜூன் மாதப் பொய் அவளுக்கு இருக்கட்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். போன மாத மழையில் அவன் குழிமேல் மண் இறங்கிவிட்டது. தலைமாட்டுப் பக்கம் பள்ளமாக இருக்கிறது. முதல் வருட நினைவுநாளுக்கு முன்னால் மேடு கட்ட வேண்டும். சொந்தக்காரர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை, முதல் பிடி நீதான் போட வேண்டும். அந்தத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வா. கொஞ்சம் அவனுக்கு ஊற்றிவிட்டு மூடியை மூடி வைத்துவிடாதே, மிச்சத்தை நாம் குடித்துவிடலாம். அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறாக்குவாள்.

ஒரு வருடமாக நீ அந்த மைல்கல்லிலேயே உட்கார்ந்திருக்கிறாய். தட்டையான ஊருக்குப் போய்விட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம், போகவில்லை. அவனைத் தெரிந்த ஆள் உன்னைவிட்டால் எனக்கு யாருமில்லை.

அவன் இனிமேல் வரமாட்டான், ஆல்பின். நீ இறங்கி வா.

மதி அக்கா